சப்தலமிக் கருவில் பாதி மட்டும் கறுத்தது ஏன்? 7 டெஸ்லா படத்தையும் இழையச் சீவலையும் பொருத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

எழுபது வயதைக் கடந்த, இலங்கை மலையகத் தோட்டமொன்றில் வாழ்ந்து மறைந்த ஒருவரின் வலப்பக்க மூளையிலிருந்து வெட்டிய துண்டம் இது. நடுக்கம், விறைப்பு, நடைத் தளர்ச்சி எதுவும் அவருடைய மருத்துவக் குறிப்பில் இல்லை. உடலைத் தானமாக எழுதிக்கொடுத்தபோதே, படம் எடுப்பதற்கும் இழையத்தைச் சீவி ஆராய்வதற்கும் தனித்தனியாகச் சம்மதம் வாங்கப்பட்டிருந்தது. படிவம் தமிழில், வீட்டாருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. மூளை ஆராய்ச்சியில் இது ஒரு சடங்கு அல்ல; எதைச் செய்யப்போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாமல் கத்தியைத் தொடக்கூடாது.

துண்டத்தை 7 டெஸ்லா (டெஸ்லா காந்தப்புல வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ கருவியில் வைத்து எடுத்த படத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தலமசுக்குக் கீழே, நடுமூளைக்கு மேலே, வில்லைபோலச் சாய்ந்து கிடப்பது சப்தலமிக் கரு. இங்கே கரு என்பது நரம்புக்கலங்கள் கொத்தாகத் திரண்ட இடம்; கலத்தின் உட்கரு அல்ல. அதன் நீளம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான். டி2* படத்தில் (காந்தச் சமிக்ஞை வேகமாக மங்கும் இடம் கறுத்துத் தெரியும் படம்) அதன் முன்-உட்பக்கப் பாதி மை ஊற்றியதுபோலக் கறுத்திருந்தது. பின்-வெளிப்பக்கப் பாதி சுற்றியுள்ள இடத்தின் சாம்பல் நிறத்தோடு கலந்து கரைந்திருந்தது. கரு அவ்வளவுதானா, அல்லது படம் பாதியை மட்டும் காட்டுகிறதா? இத்தகைய படத்தில் இரும்பு கறுப்பாகத் தெரியும் என்பதால், விடைக்குச் சீவலில் இரும்பைத் தேடவேண்டியிருந்தது.

பார்க்கின்சன் நோய்க்கு ஆழ்மூளையில் மின்முனை வைக்கும் சத்திரசிகிச்சையில் மின்முனை போகவேண்டிய இடம் கருவின் மேல்-பின்-வெளிப்பக்கம். கை கால் அசைவோடு தொடர்புள்ள பகுதி அங்கேதான் இருக்கிறது. படத்தில் கறுக்காத பாதியும் அதுவே. கறுப்பின் விளிம்பையே கருவின் விளிம்பு என்று கோடு கிழித்தால், இலக்கு உள்ளும் முன்னுமாக நகர்ந்துவிடும்.

பதப்படுத்தல்: குளிரும் போமலினும்

அவர் இறந்து 20 மணித்தியாலத்துக்குள் மூளை எடுக்கப்பட்டது. சுமார் 1.3 கிலோ மூளைக்கு 20 லீற்றர் வாளி வேண்டும். கரைசல் இழையத்தின் கனவளவைப்போல 10 முதல் 20 மடங்கு இருக்கவேண்டும் என்பது கணக்கு. மூளையை வாளியின் அடியில் உட்காரவிட்டால் அந்தப் பக்கம் தட்டையாகி, அந்தச் சப்பலைப் பிறகு எந்தக் கணினியாலும் முழுதாக நிமிர்த்த முடியாது. மூளையின் அடிப்பக்கத்தில் ஓடும் பேசிலார் நாடிக்கு அடியில் நூல் கோத்து, மூளையைத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும்.

கரைசல் 10 வீத நடுநிலைப் போமலின், அதாவது 4 வீதப் போமல்டிகைட்டு. ஒரு லீற்றருக்கு மூலக் கரைசல் 100 மி.லீ, வடிநீர் 900 மி.லீ, சோடியம் இருஐதரசன் பொஸ்பேற்று ஒருநீரேற்று 4 கிராம், நீரற்ற இருசோடியம் ஐதரசன் பொஸ்பேற்று 6.5 கிராம். இந்த இரண்டு உப்புகளையும் சேர்க்காமல் விட்டால் போமலின் நாளடைவில் போமிக் அமிலமாக மாறும். அமிலம் இரண்டு கேடுகளைச் செய்கிறது: இழையத்திலுள்ள இரும்பைக் கரைத்து வெளியே இழுக்கிறது, குருதியோடு சேர்ந்து கபில-கறுப்பு நிறப் போமலின் படிவை உண்டாக்குகிறது. நைக்ரா என்ற நடுமூளைக் கருவின் கருநிறமியான நியூரோமெலனினைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு இந்தப் படிவு நல்ல பொறி. சந்தேகம் வந்தால் முனைவாக்கிய ஒளியில் பார்க்கலாம்: படிவு மினுங்கும், நியூரோமெலனின் மினுங்காது. பிக்ரிக் அமிலம் கலந்த எதனோலில் படிவு கரைந்துபோகும், நியூரோமெலனின் போகாது.

மலைநாட்டுக்கே உரிய சிக்கல் மூலக் கரைசலில் இருக்கிறது. 37 வீதப் போமல்டிகைட்டை 15 பாகை செல்சியசுக்குக் கீழே நெடுநாள் வைத்தால் பல்படியாகி வெள்ளையாகக் கலங்கி அடியில் படியும். நுவரெலியாவில் வெளிக் கொட்டிலில் வைத்த போத்தல் ஒரு மாரியிலேயே பால்போல ஆகிவிடும். மேலே தெளிந்திருப்பதை ஊற்றி 10 வீதம் கலந்தால் உண்மையில் கிடைப்பது அதைவிட நீர்த்தது. வெளிப்புறம் இறுகி நடு பச்சையாகவே இருக்கும். கலங்கிய போத்தலை இந்த வேலைக்கு எடுக்கக்கூடாது. குளிர் அறையில் ஊடுருவலும் மெதுவாகும். இந்த மூளை 18 முதல் 22 பாகை அறையில் 4 கிழமை முழுதாகவும், வெட்டிய பின் துண்டமாக இன்னும் ஒரு கிழமையும் கரைசலில் கிடந்தது.

துண்டத்தின் அளவு ஏறக்குறைய 50 மி.மீ நீளம், 40 மி.மீ அகலம், 40 மி.மீ உயரம். பலிடம், புட்டாமென், சப்தலமிக் கரு, செங்கரு, நைக்ரா ஆகிய ஆழ்கருக்கள் எல்லாம் உள்ளே வரவேண்டும். மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நார்க்கட்டுகளான முன் கொமிசருக்கும் பின் கொமிசருக்கும் நடுவே கோடு பிடித்து, அதற்குச் செங்குத்தாக வெட்டவேண்டும். இந்தச் சாய்வில் 5 பாகை பிசகினால் 12 மி.மீ தூரத்தில் 1.05 மி.மீ விலகிவிடும். 0.2 மி.மீ வொக்சலில் (படத்தின் மிகச் சிறிய முப்பரிமாணக் கட்டி) அது ஐந்து வொக்சலுக்கு மேல்.

தண்ணீர்

இரும்பைத் தேடும் ஆய்வில் முதல் எதிரி தண்ணீர். பழைய தோட்டத்துக் கட்டடங்களில் துருப்பிடித்த நாகமுலாம் குழாய்கள் இன்னும் பாவனையில் உண்டு. சில ஊற்றுக்களிலேயே இரும்பு அதிகம். மலையகத்தில் இதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை: அந்தத் தண்ணீரில் சாயத்தண்ணி ஊற்றினால் சிவப்புக்குப் பதில் மைபோலக் கறுக்கும். தேயிலையின் தனின் இரும்போடு சேரும் நிறம் அது. அப்படிக் கறுத்தால் அந்தத் தண்ணீர் கண்ணாடி கழுவக்கூட உதவாது. கறுக்காவிட்டாலும் அது போதிய சான்று அல்ல. 10 மி.லீ தண்ணீரில், இரும்பை நீலமாகக் காட்டும் நிறமேற்றக் கரைசல் (பின்னால் வரும் பேர்ல்ஸ் முறை) 1 மி.லீ சேர்த்து, வெள்ளைத் தாளின் மேல் வைத்து 30 நிமிடம் கழித்துப் பார்க்கவேண்டும். வெளிர் நீலம் தட்டினாலும் அந்தத் தண்ணீரை ஒதுக்கவேண்டும்.

இந்த நிகழ்வின் முதல் தொடர் இப்படித்தான் கெட்டது. சீவல் முழுக்க நீலப் பனி மூடியதுபோல இருந்தது. இரும்பு குறைவாக இருக்கவேண்டிய, ஆழ்கருக்களுக்கு இடையே ஓடும் வெள்ளைப்பொருளான உள்ளுறை நார்க்கற்றைகூட நீலமாகத் தெரிந்தது. இழையமே இல்லாத வெற்று வழுக்கியை (கண்ணாடித் தகட்டை) அதே கரைசலில் இட்டபோது அதன் ஓரமும் நீலித்தது. காரணங்கள் இரண்டு: கழுவிய குழாய்த் தண்ணீர், மற்றும் மஞ்சள் நிற வணிகத்தர ஐதரோகுளோரிக் அமிலம். அந்த மஞ்சளே இரும்பின் நிறம். பகுப்பாய்வுத் தர அமிலமும் வடிநீரும் மாற்றிய பிறகு நார்க்கற்றை வெளுத்தது. அதன் பிறகு ஒவ்வொரு தொடரோடும் ஒரு வெற்று வழுக்கி போனது.

கழுவலும் காற்றும்

போமலின் இழையத்தின் டி1, டி2 (காந்தச் சமிக்ஞை மீளவும் மங்கவும் எடுக்கும் காலங்கள்) இரண்டையும் குறுக்குகிறது. கரைசலில் இருந்து நேரே எடுத்துப் படம் பிடித்தால் துண்டத்தின் ஓரத்தில் ஒரு வளையம் தெரியும். உடற்கூறு அல்ல அது, போமலின் எவ்வளவு உள்ளே போனது என்பதன் எல்லைக்கோடு. பொஸ்பேற்றுத் தாங்கற்கரைசலில் ஊறவைத்தால் தனியாகக் கிடக்கும் போமல்டிகைட்டு வெளியேறி டி2 பெரும்பாலும் மீளும். இந்தத் துண்டம் இரண்டு கிழமை ஊறியது, இரண்டு நாளுக்கு ஒருமுறை கரைசல் மாற்றப்பட்டது. நடுப்பகுதியின் டி2வும் ஓரத்தின் டி2வும் ஒத்துவந்த பிறகே உண்மையான படம் எடுக்கவேண்டும். மாதக்கணக்கில் ஊறவைப்பதும் தவறு: இரும்பு மெல்ல வெளியேறும். ஊறிய கரைசலில் ஒரு சிறு போத்தல் ஒதுக்கி வைத்தால், எவ்வளவு இரும்பு போனது என்று பின்னர் அளந்து பார்க்கலாம்.

பூஞ்சணம் வராதிருக்க 0.05 வீதம் சோடியம் அசைட்டு சேர்க்கப்பட்டது. இது கடும் நஞ்சு. அமிலத்தோடு சேர்ந்தால் ஐதரசோயிக் அமிலம் என்ற நச்சு வாயு எழும். ஈய, செப்புக் குழாய்களில் ஊற்றினால் வெடிக்கும் உப்புகள் உண்டாகும். பின்னால் வரும் இரும்பு நிறமேற்றலில் ஐதரோகுளோரிக் அமிலம் இருப்பதால், சீவல்களிலிருந்து அசைட்டை முழுதாகக் கழுவி நீக்காமல் அந்தக் கட்டத்துக்குப் போகவே கூடாது.

அடுத்தது காற்றுக்குமிழி. ஒரு குமிழி டி2* படத்தில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய கரும்புள்ளியாக விரியும். அது குருதிக் கசிவு போலவும் இரும்புத் திட்டு போலவும் நடிக்கும். அதனால் துண்டத்தைத் தாங்கற்கரைசலோடு வெற்றிடக் கலத்தில் வைத்துக் காற்றை இழுக்கவேண்டும். சமவெளியில் எழுதிய செய்முறைக் குறிப்பு மலையில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பம்பின் மானி காட்டுவது வெளிக்காற்றோடு உள்ள வித்தியாசத்தை. கடல்மட்டத்தில் வெளிக்காற்று 101 கிலோபாஸ்கல். 1868 மீற்றர் உயர நுவரெலியாவில் அது ஏறக்குறைய 81. குறிப்பில் "கழித்தல் 90 வரை இழு" என்று இருந்தால், நுவரெலியாவில் எந்தப் பம்பாலும் அது முடியாது; பம்பு பழுது என்று கழற்றத் தொடங்குவார்கள். மறுபுறம், மானியில் கழித்தல் 75 என்பது கொழும்பில் உள்ளே 26 கிலோபாஸ்கலை மீதம் வைக்கும், நுவரெலியாவில் 6ஐத்தான். 20 பாகையில் நீரின் ஆவியமுக்கம் 2.3 கிலோபாஸ்கல், இன்னும் கொஞ்சம் இழுத்தால் நீர் கொதித்துப் புதுக் குமிழிகளை இழையத்துக்குள்ளேயே உண்டாக்கும். ஆகவே உள்ளே மீதமுள்ள அமுக்கத்தையே காட்டும் தனியமுக்க மானி வாங்கவேண்டும், இல்லையேல் உயரத்துக்குத் திருத்தவேண்டும். இங்கே உள்ளே 10 கிலோபாஸ்கல் நிற்கும்படி, 15 நிமிடம் இழுத்து, மெல்ல விட்டு, துண்டத்தைத் திருப்பி, மொத்தம் நான்கு தடவை செய்யப்பட்டது.

படம் எடுத்த கருவி வெளிநாட்டில் இருந்தது. கொழும்பில் 3 டெஸ்லாவில் முதலில் ஒரு ஒத்திகை நடந்தது. மலையிலிருந்து இறங்கும்போது அமுக்கம் கூடிக் குமிழி சுருங்கும். விமானத்திலோ அமுக்கம் மீண்டும் நுவரெலியா அளவுக்கோ அதற்குக் கீழோ குறையும். அதனால் எவ்வளவு கவனமாகக் காற்றிழுத்து மூடினாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் ஒருமுறை மறுபடியும் இழுக்கவேண்டும்.

படம்

துண்டம் பெர்புளோரோ எண்ணெயில் மூழ்கவைக்கப்பட்டது. அதில் ஐதரசன் இல்லாததால் அது படத்தில் முழுக் கறுப்பாகவே நிற்கும். அதன் காந்த ஏற்புத்திறன் (புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) இழையத்துக்கு அருகில் இருப்பதால் விளிம்புகளில் புலம் கோணாது. விலைதான் கசக்கும். கைக்கு எட்டாதவர்கள் தாங்கற்கரைசலில் 1 வீத அகார் ஊற்றலாம். அகாரை வெதுவெதுப்பான பதத்தில் ஊற்றவேண்டும்.

துண்டம் கருவி அறையிலேயே ஓர் இரவு கிடந்து அந்த வெப்பநிலைக்கு வரவேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உடனே வைத்தால் முதல் மணித்தியாலத்துப் படத்துக்கும் ஐந்தாம் மணித்தியாலத்துப் படத்துக்கும் டி1 மாறிக்கொண்டே போகும்.

வைக்கும் திசைக்கும் கணக்கு உண்டு. உயிரோடு படுத்திருப்பவரின் தலையில் காந்தப்புலம் கால்-தலைத் திசையில் ஓடுகிறது. மயலின் என்ற கொழுப்புறை போர்த்திய நார்களின் டி2* அவை புலத்தோடு ஆக்கும் கோணத்தைப் பொறுத்து மாறும். இரும்பு நிறைந்த கருவில் அந்த மாற்றம் மிகக் குறைவு. குழாய்க்குள் வசதியாக நுழைகிறது என்பதற்காகத் துண்டத்தைப் படுக்கவைத்தால் உள்ளுறை நார்க்கற்றைக்கும் சப்தலமிக் கருவுக்கும் இடையிலான மாறுபாடு உயிருள்ள தலையில் காண்பதுபோல வராது. துண்டத்தின் மேல் தலைப்பக்கம், முன்பக்கம் இரண்டையும் நூல் தைத்துக் குறித்து, வைத்த நிலையைப் படமும் பிடிக்கவேண்டும்.

வரிசை: முப்பரிமாணப் பல்லெதிரொலி கிரேடியன்ட் எக்கோ. பார்வைப் புலம் 60 × 50 × 50 மி.மீ, வொக்சல் ஒவ்வொரு பக்கமும் 0.2 மி.மீ. எதிரொலிகள் எட்டு: 3 மில்லி செக்கனில் தொடங்கி 4 மில்லி செக்கன் இடைவெளியில் 31 வரை. மீள்காலம் 50 மில்லி செக்கன். பதப்பட்ட இழையத்தின் டி1 ஏறக்குறைய 400 மில்லி செக்கன் என்று கொண்டால் உச்சச் சமிக்ஞை தரும் திருப்புகோணம் 28 பாகை. 250 × 250 கட்டப்படிகள் (இடத்தைப் பிரித்தறியும் அளவீடுகள்), ஒவ்வொன்றுக்கும் 50 மில்லி செக்கன், ஒரு சுற்றுக்கு 52 நிமிடம். ஆறு சுற்றுக்கு 5 மணி 12 நிமிடம். ஆறு சுற்று சமிக்ஞைத் தெளிவை ஆறு மடங்கு ஆக்காது. ஆறின் வர்க்கமூலம், 2.45 மடங்குதான். ஒரு மி.மீ வொக்சலைவிட 0.2 மி.மீ வொக்சலில் இழையம் 125 மடங்கு குறைவு என்பதை நினைத்தால் இந்த இரவு ஏன் தேவை என்பது புரியும்.

எதிரொலிகள் நெருக்கமாக இருப்பது கட்டப் படத்துக்காக, அதாவது சமிக்ஞை எவ்வளவு கோணம் சுழன்றது என்று காட்டும் படத்துக்காக. 7 டெஸ்லாவில் புரோத்தனின் அதிர்வெண் 298 மெகாஹேர்ட்ஸ். பத்து இலட்சத்தில் 0.1 பங்கு மாற்றம் என்றால் 29.8 ஹேர்ட்ஸ். 20 மில்லி செக்கனில் அது 215 பாகை, அரைச் சுற்றைத் தாண்டி மடிந்துவிடும். 3 மில்லி செக்கன் எதிரொலியில் 32 பாகைதான். அங்கிருந்து படிப்படியாக விரித்துப் போனால் மடிப்பை நம்பிக்கையோடு பிரிக்கலாம். கட்டத்திலிருந்து கணக்கிடும் காந்த ஏற்புத்திறன் வரைபடம் இந்த ஆய்வின் உயிர்நாடி: இரும்பும் மயலினும் கல்சியமும் டி2* படத்தில் மூன்றும் கறுப்பையே தரும், ஏற்புத்திறன் வரைபடத்திலோ இரும்பு ஒரு குறியும், மயலினும் கல்சியமும் எதிர்க்குறியும் காட்டும்.

சீவலும் நிறமும்

படம் முடிந்த பிறகுதான், உறையும்போது இழையத்தைக் காக்கும் சுக்குரோசுக் கரைசல். முதலில் சுக்குரோசில் இட்டால் படம் கெடும். 10, 20, 30 வீதம் என்று படிப்படியாக, ஒவ்வொன்றிலும் துண்டம் அடியில் மூழ்கும்வரை 4 பாகையில். இவ்வளவு பெரிய துண்டத்துக்கு மூன்று கிழமைக்கு மேல் ஆகும். மிதக்கும்போதே உறையவைத்தால் பனிப்பளிங்கு கலங்களைக் கிழித்து, சீவல் கடற்பஞ்சு போலாகும். உலர்பனி மலைக்கு வந்துசேர்வதற்குள் கணிசமாக ஆவியாகிவிடும். மின்குளிர்த்தட்டு இருந்தால் வேலை நிம்மதி, ஆனால் மின்பிறப்பாக்கி இல்லாமல் தொடங்கக்கூடாது. பாதி வெட்டிய துண்டம் உருகி மறுபடி உறைந்தால் அந்தத் துண்டத்தின் கதை முடிந்தது.

பரபின் மெழுகைத் தவிர்த்ததற்குக் காரணம் சுருக்கம். நீர் நீக்கும் எதனோல் படிகளில் இழையம் சுருங்குவது இடத்துக்கு இடம் வேறுபடும். வெள்ளைப்பொருளும் சாம்பற்பொருளும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. உறைந்த சீவலில் அது மிகக் குறைவு.

சீவலின் தடிப்பு 50 மைக்ரோமீற்றர். நான்கு சீவல் சேர்ந்தால் ஒரு வொக்சல் தடிப்பு. அதனால் முதலாவது இரும்புக்கு, இரண்டாவது நரம்புக்கலத்துக்கு, மூன்றாவது மயலினுக்கு, நான்காவது சேமிப்புக்கு என்று சுழற்சியில் போனது. ஆழ்கருக்கள் உள்ள 30 மி.மீ நீளத்துக்கு 600 சீவல்கள், வகைக்கு 150. ஒவ்வொரு சீவலுக்கும் முன் துண்டத்தின் வெட்டுமுகத்தை, அசையாத கமெராவால், ஒரே வெளிச்சத்தில் படம் பிடிக்கவேண்டும். முகத்தில் படியும் பனியைத் தூரிகையால் துடைக்காமல் எடுத்த படம் வெள்ளைச் சுவர்போல இருக்கும். ஒரு சீவல் கிழிந்தாலும் எண்ணைத் தாண்டக்கூடாது. கிழிந்தது என்று எழுதி அதற்குரிய கிண்ணத்தை வெறுமையாக விடவேண்டும். அலகில் துரு இருந்தால் வெட்டுத்திசைக்கு ஒருசீரான நீலக் கோடுகள் பின்னால் தெரியும். அவற்றை நார்க்கற்றை என்று எழுதியவர்களும் உண்டு.

இரும்புக்கு பேர்ல்ஸ் முறை, 1867 முதல் பாவனையில் இருப்பது. 2 வீதப் பொட்டாசியம் பெரோசயனைட்டும் 2 வீத ஐதரோகுளோரிக் அமிலமும் சம அளவில், பாவிப்பதற்குச் சற்று முன்பே கலந்து, 45 நிமிடம். உலோக இடுக்கி கூடாது; கண்ணாடிக் கோல் அல்லது மயிர்த்தூரிகை. இந்த முறை முக்கியமாக, இரும்பைச் சேமித்துவைக்கும் பெரிற்றினிலும் ஹீமோசிடரினிலும் உள்ள பெரிக் இரும்பைக் காட்டும். குருதியின் ஹீம் இரும்பைக் காட்டாது. நாடிகளில் உறைந்த குருதி படத்தில் கறுத்து, சீவலில் நீலிக்காமல் நிற்பது இதனால்தான். வெளிர் இடங்களுக்கு டையமினோபென்சிடினால் நீலத்தைக் கபிலமாக வலுப்படுத்தலாம். கையுறையும் புகைப்பெட்டியும் கட்டாயம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று கருதப்படும் பொருள்.

மயலினுக்கு லக்சோல் ஃபாஸ்ட் புளூ, 0.1 வீதம், 60 பாகையில் ஓர் இரவு, பிறகு 0.05 வீத லித்தியம் காபனேற்றாலும் 70 வீத எதனோலாலும் வெளுக்கவேண்டும். ஒரே சீவலில் இரும்பையும் மயலினையும் காட்டிவிடலாம் என்ற ஆசை வேண்டாம். லித்தியம் காபனேற்று காரம்; பேர்ல்ஸ் நீலம் காரத்தில் சிதைந்து மறையும். கலங்களுக்கு 0.1 வீதக் கிரேசில் வயலட்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஜெலற்றின் பூசிய வழுக்கிகள் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். 37 பாகை அடுப்பில் ஓர் இரவு, பின் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டி. காய்ந்த காலத்தில் எதிர்ப்பக்கச் சிக்கல்: யன்னல் வழியே வரும் செம்மண் புழுதி. அந்தத் தூசியிலும் இரும்பு உண்டு, அதுவும் நீலப் புள்ளி தரும். நுணுக்குக்காட்டியின் குவியத்தை மேலும் கீழும் நகர்த்தினால், தூசிப் புள்ளி இழையத்தின் தளத்துக்கு மேலே தனியாகத் தெளியும்.

பொருத்தல்

படத்தை வெட்டுமுகப் படக் கோவையோடு முப்பரிமாணத்தில் பொருத்தவேண்டும்; சீவலை அதற்குரிய வெட்டுமுகப் படத்தோடு இருபரிமாணத்தில் பொருத்தவேண்டும். சீவலை நேராக எம்.ஆர்.ஐ தளத்தோடு இழுத்து ஒட்டுவது எளிது, ஆனால் வழுக்கியில் விரிக்கும்போது இழுபட்ட இழுவை எல்லாம் உடற்கூறாக எழுதப்பட்டுவிடும்.

இந்த வேலையில் மற்ற எல்லாப் பிழையையும்விடப் பெரியது ஒன்று உண்டு. படத்தின் கறுப்பையும் சீவலின் நீலத்தையும் ஒன்றோடொன்று பொருத்தி, பிறகு "கறுப்பும் நீலமும் பொருந்துகின்றன" என்று முடிவு சொல்வது. பொருத்திய பிறகு பொருந்துவதில் என்ன வியப்பு? நெகிழ்வான மென்பொருள் எந்தக் கறுப்பையும் எந்த நீலத்தின் மேலும் இழுத்துவைக்கும். எனவே பொருத்தலுக்கு இரும்போடு தொடர்பற்ற அடையாளங்களே பாவிக்கப்பட்டன: துண்டத்தின் வெளிவிளிம்பு, முன் கொமிசர், மமிலரி முண்டு, பார்வைக் கற்றை, மற்றும் நாடித் துளைகள். நாடித் துளைகள்தான் நம்பகமானவை. அவை முப்பரிமாணத்தில் கிளைவிடுவதால் ஒரே ஒரு நிலையில்தான் சரியாக விழும். அடையாளங்களில் ஐந்தில் ஒன்றை பொருத்தலிலிருந்து ஒதுக்கிவைத்து, எல்லாம் முடிந்த பின் அவை எவ்வளவு விலகி நிற்கின்றன என்று அளப்பதே பிழையின் அளவு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. அழகாகப் பொருந்திய ஒரு சீவலைக் காட்டுவது சான்றல்ல.

கண்டது

கிரேசில் வயலட் சீவல்களில் சப்தலமிக் கரு முழு வில்லையாகத் தெரிந்தது: நெருங்கிய நரம்புக்கலங்கள் முன்-உட்பக்க முனையிலிருந்து பின்-வெளிப்பக்க முனைவரை இடைவிடாமல். மயலின் சீவலில் அதன் மேல்விளிம்பில் லென்டிகுலர் நார்க்கற்றையும், வெளிப்புறத்தில் உள்ளுறை நார்க்கற்றையும் எல்லை கட்டின. பேர்ல்ஸ் சீவலிலோ நீலம் முன்-உட்பக்கத்தில் அடர்ந்து, பின்னே போகப்போக வெளிறியது. டி2* படத்தின் கறுப்பு இந்த நீலத்தின் மேல் விழுந்தது, கலங்களின் எல்லை மேல் அல்ல. ஏற்புத்திறன் வரைபடத்தில் பின் பாதி முழுதாக மறையவில்லை. நார்க்கற்றையின் எதிர்க்குறிக்கு அருகே மெல்லிய வேறுபாடாகத் தெரிந்தது. ஆக, கரு முழுதாக இருக்கிறது. படம் காட்டியது இரும்பு செறிந்த பாதியை.

மனித மூளையில் சப்தலமிக் கருவின் கருமை முன்பகுதியோடு நிற்கிறது என்பதை 2004இல் டோர்மோன் குழுவினர் 1.5 டெஸ்லாக் காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 2012இல் மாஸி குழுவினர் 9.4 டெஸ்லாவில் இழையவியலோடு ஒப்பிட்டார்கள். புலம் உயர்ந்தால் இந்தப் பிரச்சினை தானாகத் தீரும் என்ற எதிர்பார்ப்பு சரியல்ல: புலம் உயர உயர இரும்புள்ள பாதி இன்னும் கறுக்கும், இரும்பு குறைந்த பாதிக்கு அதனால் பயனில்லை.

கீழ்விளிம்பிலும் ஒரு குழப்பம். நைக்ராவின் றெட்டிகுலாற்றாப் பகுதியும் இரும்பு நிறைந்தது. இரண்டு கருமைகளும் சில தளங்களில் ஒட்டி ஒரே திட்டாகத் தெரிந்தன. மயலின் சீவலில் இடையே மெல்லிய நார்ப்படலம் இருந்தது; அது ஒரு வொக்சலைவிட மெல்லியதாக இருந்த இடங்களில் படம் அதை விழுங்கிவிட்டது.

பலிடத்தில் பாடம் வேறு. புறப்பலிடத்தையும் அகப்பலிடத்தையும் பிரிக்கும் மயலின் தகடு, மயலின் நிறைந்ததாயினும் டி2* படத்தில் சுற்றியுள்ள பலிடத்தைவிட வெளிச்சமாகத் தெரிந்தது. மயலினும் கறுக்கச்செய்யும் என்றால் இது எப்படி? பலிடத்தின் இரும்பு அதைவிட மிகக் கூடுதலாகக் கறுக்கச்செய்வதால்தான். 1958இல் ஹால்கிரெனும் சூரான்டரும் அளந்த சராசரிகள் 100 கிராம் ஈர இழையத்துக்கு பலிடத்தில் 21.3 மில்லிகிராம் இரும்பு, செங்கருவில் 19.5, நைக்ராவில் 18.5, புட்டாமெனில் 13.3, கோடேட் கருவில் 9.3, தலமசில் 4.8. இந்த வரிசை நிறமேற்றலுக்கும் நல்ல உரைகல்: கோடேட் கரு பலிடத்தைவிட நீலமாக வந்தால், இழையத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் கரைசலைச் சந்தேகிக்கவேண்டும். ஆனால் நீலத்தின் அடர்த்தியை அப்படியே மில்லிகிராமாக மாற்றக்கூடாது. நிறம் இரும்போடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. அளவு வேண்டுமானால் சேமிப்புச் சீவல்களிலிருந்து துளைத்தெடுத்த இழையத்தை இரசாயன முறையில் அளக்கவேண்டும்.

பலிடத்தின் பின்பகுதியில் கரும்புள்ளிகள் சரம்போலத் தெரிந்தன. டி2* படத்தில் மட்டும் பார்த்திருந்தால் இரும்புத் திட்டு என்றே எழுதியிருக்கலாம். ஏற்புத்திறன் வரைபடத்தில் அவை எதிர்க்குறி. சீவலில் அவை சிறு நாடிச் சுவர்கள். கல்சியப் படிவைக் காட்டும் வொன் கொசா நிறமேற்றலில் கறுத்தன, பேர்ல்ஸிலும் ஓரம் மெலிதாக நீலித்தது. முதுமையில் பலிடத்து நாடிச் சுவரில் கல்சியம் படிவதும் அதோடு சிறிது இரும்பு ஒட்டுவதும் வழமை. பேர்ல்ஸ் மட்டும் செய்திருந்தால் அந்த மெல்லிய நீலம் தவறான விடையை உறுதிசெய்திருக்கும்.

நைக்ராவைப் பற்றிச் சுருக்கமாக: 3 டெஸ்லாவில் தகைவிலான் குருவியின் வால்போலத் தெரியும் வெளிச்சப் பகுதியை நைக்ரோசோம் 1 (நைக்ராவுக்குள் நரம்புக்கலங்கள் திரண்ட ஒரு கொத்து) என்றே பலர் வாசிக்கிறார்கள். நைக்ரோசோமை வரையறுப்பது 1999இல் டாமியே குழுவினர் காட்டிய, கல்பின்டின் என்ற புரதத்துக்கான நிறமேற்றல்; வெளிச்சம் அல்ல. பிராம்மெர்லோ குழுவினர் 2022இல் இரண்டும் ஓரளவுதான் ஒன்றின்மேலொன்று விழுகின்றன என்று காட்டினார்கள். இந்தத் துண்டத்தின் நான்காம் தொடர், 30 வீத எதிலீன் கிளைக்கோல் கலந்த உறைகாப்புக் கரைசலில் கழித்தல் 20 பாகையில், கல்பின்டினுக்காகவே இருக்கிறது.

உயிருள்ளவரின் படத்துக்கு

பதப்பட்ட துண்டத்தின் டி1, டி2 எண்களை நோயாளியின் படத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. வெப்பநிலை வேறு, போமலினின் இறுக்கம் வேறு. கொண்டுபோகக்கூடியது வடிவமும் வரிசையும்தான். 3 டெஸ்லா டி2* படத்தில் கோடு கிழிப்பவர் கறுப்பின் பின்விளிம்பில் நிறுத்தக்கூடாது. செங்கரு நன்றாகத் தெரியும் தளத்தில் அதன் முன்விளிம்பை முன்-பின் வழிகாட்டியாகக் கொண்டு, உள்ளுறை நார்க்கற்றையின் உள்விளிம்பைத் தொட்டுப் பின்-வெளிப்பக்கமாக வில்லையை நீட்டவேண்டும். இடைக்கோட்டிலிருந்து 11 முதல் 13 மி.மீ, கொமிசர்களின் நடுப்புள்ளிக்குப் பின்னே 3 முதல் 4, கீழே 4 முதல் 5 என்ற வழமையான அளவுகளோடு அந்தக் கோட்டை ஒத்துப்பார்க்கவேண்டும். இரண்டும் 2 மி.மீக்கு மேல் விலகினால், முதலில் கொமிசர் கோடு சரியாகப் பிடிக்கப்பட்டதா என்று பார்ப்பது நல்லது. பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.